அக்காவின் எடையும் தம்பியின் தண்ணீரும்

அந்த வீட்டில் எடை குறைப்பதில் கெட்டிக்காரன் தம்பிதான். ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடப்பான். எழுந்திருக்கும்போது இரண்டரைக் கிலோ காணாமல் போயிருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை இந்த வித்தையைச் செய்தான். அதற்காக யாரும் அவனைப் பாராட்டியதில்லை. அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கும். அதை டயாலிசிஸ் இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். அவ்வளவுதான் வித்தை.

அக்காவுக்கு அந்த வித்தை கைவரவில்லை. தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவனுக்குக் கொடுப்பதாக அவள் முன்வந்தபோது, ஏதோ பெரிய தடை வரப்போகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். ரத்த வகை பொருந்தியது. மற்ற பரிசோதனைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தின. டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, “எல்லாம் நல்லாருக்கு. பத்து கிலோ மட்டும் கொறைச்சிட்டு வாங்கம்மா” என்றார், கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வரச் சொல்வதுபோல. இத்தனை பருமனோடு அறுவை செய்வதும் ஆபத்து, பிற்பாடு ஒற்றைச் சிறுநீரகத்தோடு காலம் தள்ளுவதும் ஆபத்து என்று விளக்கமும் சொன்னார். தன் உயிரில் இவ்வளவு அக்கறை காட்டிய முதல் மனிதர் அவர்தான் என்பதால் அக்காவால் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

அவள் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் அவளுக்கு மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கனத்த உடம்பும், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத வாயும் சேர்ந்தால் அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. அவள் வேலை செய்த, பாக்கெட்டுகள் ஓடும் பெல்ட்டின் கோடியில் ஒரு தராசு உண்டு. எடை குறைந்த பாக்கெட் வந்தால் ஒரு இரும்புக் கை நீண்டு அதைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். பகலெல்லாம் எடை குறைந்ததற்காகப் பாக்கெட்டுகள் தள்ளப்படுவதைப் பார்ப்பாள். மாலையில் எடை கூடியதற்காகத் தான் தள்ளப்படுவதை நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவாள்.

பெல்ட்டுக்கு அடியில் உடைந்த பிஸ்கட்டுகளுக்கு என்று ஒரு கூடை இருந்தது. தின்பவர் தின்னலாம், கேள்வி கிடையாது. அதற்குள் கையை விடாமல் ஒரு நாளை ஓட்டுவது, மூச்சு விடாமல் ஓட்டுவது மாதிரி. பக்கத்தில் நின்று வேலை செய்தவளுக்கு ரேடியோ என்று பெயர். இயந்திரச் சத்தத்தையும் மீறி ஓயாமல் பேசுவதால் வந்தது.

“அக்கா, ஒண்ணு எடுத்துக்கோ. ஒடஞ்ச பிஸ்கட்ல கலோரியெல்லாம் கீழ கொட்டிப் போயிருக்கும்.”

“போடி. ஒடஞ்சது என் உடம்புல போயி ஒட்டிக்கும்.”

“அப்படின்னா முழுசா ஒண்ணு எடு. ஒட்டற வேலையாவது மிச்சம்.”

அக்கா சிரிப்பாள். சிரிப்பதற்கும் ஏதோ கொஞ்சம் கலோரி செலவாகும் என்று குச்சி சொல்லியிருந்தாள்.

குச்சி என்பது ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்லும் பெண். காற்றடித்தால் பிடித்துக்கொள்ளக் கம்பம் தேடுவாள் என்கிற உருவம். அவள் கொடுத்த அளவுக் கிண்ணத்தில்தான் அக்காவின் உலகம் அடங்கியது. காலையில் ஒரு முட்டை, மதியம் காய்கறி, சாயங்காலம் வெள்ளரிக்காய், ராத்திரி மறுபடியும் அதே வெள்ளரிக்காய். இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்கும்வரை ஏறி இறங்கினாள். ஆரம்பத்தில் கிலோக்கள் மரியாதையாகத்தான் போயின. எட்டு கிலோ கரைந்தது. கடைசி இரண்டு மட்டும் வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்துகொண்டன. தலைகீழாக நின்றாலும் அசைந்துகொடுக்கவில்லை. ஒரு வாரம் கால் கிலோ இறங்கும். மறு வாரம் முந்நூறு கிராம் ஏறும்.

“மெதுவா கொறையறதுதான் நல்லது, மேடம். அதுதான் திரும்பி வராது” என்றாள் குச்சி.

மெதுவாகக் குறைவது நல்லதுதான், அவசரமில்லாதவர்களுக்கு.

வயிற்றெரிச்சலுக்கு வீட்டிலேயே இன்னொரு ஆளும் இருந்தார். அவள் புருஷன் பஸ் டிரைவர். அவள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் வயிறாரச் சாப்பிடுவது நன்றாயில்லை என்று அவரும் பாதித் தட்டோடு எழுந்தார். பலன் முழுவதும் அவருக்கே கிடைத்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டார். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“என்னங்க, உங்கள யாரு மெலியச் சொன்னா?”

“நான் என்ன பண்றது? உனக்குத் துணைக்குத்தான் வந்தேன். எப்படியோ முன்னாடி போயிட்டேன்.”

“பஸ் ஓட்டற புத்தி. நிறுத்தத்துல ஆள் நிக்கறதே தெரியாது.”

தம்பி இதையெல்லாம் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பான். நோய் முற்றியபிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவன். மின்சார வேலை பார்த்தவன். ஏணியின் உச்சிப்படியில் நின்று பீடி பற்றவைத்ததற்காகப் பல முதலாளிகளிடம் திட்டு வாங்கியவன். இப்போது ஒரு நாளைக்கு அவனுக்கு அனுமதித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டில். விடிந்ததும் அதை நிரப்பி வைத்துக்கொண்டு, கஞ்சன் சொத்தைக் காப்பதுபோல் பொழுது சாயும்வரை காப்பான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் தயார் செய்திருந்த ரத்தக்குழாய் அடைத்துப்போய், கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் ஒரு தடவை சீழ் பிடித்தது. “இப்படி இடம் மாத்திக்கிட்டே போக உடம்புல நெறைய இடம் கெடையாது” என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தனியாகச் சொன்னதைத் தம்பி அன்று சாயங்காலமே தெரிந்துவைத்திருந்தான்.

“அவசரமில்லக்கா. ரெண்டு கிலோதான. அதுவா சலிச்சுப் போயி எறங்கும்” என்பான்.

ஆனால் ஒரு நாள் வேலை முடிந்து அவள் வந்தபோது, மாடிப்படியின் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். மேலே போகிறானா கீழே இறங்குகிறானா என்று அவனுக்கே நிச்சயமில்லாத முகம். காற்று வாங்குவதாகச் சொன்னான். அங்கே காற்றே கிடையாது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத காற்றை வாங்கினாள். எழுந்திருக்கும்போது அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் கனமே இல்லை.

தன்னுடைய அந்த மாத எடைப் பரிசோதனைக்கு முன்னால், தம்பியின் டயாலிசிஸுக்கு அவள் துணைக்குப் போயிருந்தாள். நாற்காலியில் ஏறுமுன் அவனை எடை பார்த்தார்கள். இறங்கியபின் மறுபடி பார்த்தார்கள். இரண்டு கிலோ நானூறு கிராம் குறைந்திருந்தது. நர்ஸ் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “வெறும் தண்ணிதாங்க” என்றாள்.

வெறும் தண்ணி. அக்கா அந்தச் சொல்லை வீடுவரைக்கும் கொண்டுவந்தாள். அவளுக்கு மிச்சமிருப்பதும் இரண்டு கிலோ. தராசுக்கு என்ன தெரியும், கொழுப்பா தண்ணியா என்று? தொழிற்சாலைத் தராசு பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தா தள்ளுகிறது?

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து அவள் தண்ணீரை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஒரு சத்து மாத்திரை விழுங்க வாய் நனைப்பாள், அத்தோடு சரி. அடுப்பு அறையை ஒட்டிய பெல்ட் அவளுடையது. அனல் முகத்தில் அடிக்கும். வழக்கமாகக் குளிர்ந்த பக்கத்துக்கு இடம் மாற்றச் சொல்லி மூக்கால் அழுபவள், அந்த இரண்டு நாளும் தானாகவே அனலோடு ஒட்டி நின்றாள். ரேடியோ தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தலையசைத்து மறுத்தாள். பேசினால் நாக்கு மேல்வாயில் ஒட்டியது.

“என்னக்கா, மௌன விரதமா?”

“ம்.”

“நல்லது. என் பேச்சுக்கு எடஞ்சல் இல்ல.”

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரி எடைக் கருவியில் ஏறினாள். எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. கேட்ட எடைக்கு இருநூறு கிராம் கீழே. குச்சி கைதட்டினாள். “பாத்தீங்களா மேடம்? நான் சொன்னேனில்ல!” என்றாள். அவள் சொன்னது எதையும் இரண்டு நாளாகச் செய்யாத அக்கா, நன்றி என்றாள். ரத்தம் எடுத்தார்கள். வெளியே தம்பி ஆஸ்பத்திரி மாடிப்படி முழுவதையும் ஏறி வந்த களைப்போடு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவன் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

மதியத்துக்குமேல் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்த முடிவை அவர் மூன்று தடவை பார்த்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“கிரியாட்டினின் கூடியிருக்கும்மா. போன தடவை இப்படி இல்ல. இது கிட்னி சரியா வேலை செய்யலன்னா ஏறற கணக்கு. இப்படி இருந்தா உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது. மொதல்ல உங்களுக்கு என்னன்னு பாக்கணும்.”

அக்காவுக்கு அறை சற்றே சாய்ந்தது.

“வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? நாட்டு மருந்து? ஒடம்பு எளைக்கறதுக்கு யாராவது பொடி கிடி கொடுத்தாங்களா?”

“இல்லீங்க.”

டாக்டர் அடுத்த கேள்விக்குத் தயாரானார். தம்பி அவரைப் பார்க்கவில்லை; அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் வெடிப்பு. பேசி முடித்ததும் நாக்கு பல்லிலிருந்து பிரியும் அந்தச் சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். அது அவன் வாயில் தினமும் கேட்கிற சத்தம்.

“அக்கா. கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?”

“காலைல.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

அவள் பார்க்கவில்லை. டாக்டர் காகிதத்தை மெதுவாக மேசையில் வைத்தார். தண்ணீர் இல்லாமல் வாட்டினால் நல்ல சிறுநீரகமும் கெட்டுப்போனதுபோல்தான் கணக்குக் காட்டும் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. நன்றாகக் குடித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வரவேண்டும். இறங்கினால் சரி. இறங்காவிட்டால் பேச்சே இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் தம்பி வெடித்தான். மூச்சு வாங்கியதால் துண்டு துண்டாக வெடித்தான்.

“குழாய் தொறந்தா அந்தச் சத்தத்துக்கே எனக்கு எச்சில் ஊறுது. மழை பெஞ்சா ஜன்னல மூடிக்கறேன். ஒனக்கு குடிக்க முடியும். தடையே இல்ல. அத நீ குடிக்காம வந்து நிக்கற.”

“ஒனக்கு நாலு மணி நேரத்துல போகுதுடா. எனக்கு அரை வருஷமா போகல.” அவள் குரல் கரகரத்தது. “அந்தக் குச்சி மெதுவாங்கறா. நீ அவசரமில்லங்கற. உங்க மாமா சும்மா உக்காந்து எளைக்கறாரு. நான் என்னதான் பண்றது? எனக்கு அலுத்துப் போச்சுடா. வெள்ளரிக்காயப் பாத்தா அழுக வருது.”

“அழாத. அதுவும் தண்ணிதான், வீணாப் போகும்” என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதில் கண்ணீர் வரவில்லை, வருவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

தம்பி மெள்ளப் போய்க் குடிநீர் இயந்திரத்தில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தான். குளிர்ந்த தண்ணீர், வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அவன் விரல்கள் ஈரமாகிவிட்டன, துடைத்துக்கொள்ளவில்லை. அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“ஏன் திரும்பற?”

“உன் எதிர்ல எப்படிடா குடிக்கறது?”

“இந்தப் பக்கம் திரும்பிக் குடி. நான் பாக்கறேன். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் குடிச்சாப் போதும்.”

அவள் திரும்பிக் குடித்தாள். அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். அவள் தொண்டை அசையும்போதெல்லாம் அவன் தொண்டையும் அசைந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனார்கள். எடைக் கருவியில் ஏறுமுன் தம்பி பாட்டிலை நீட்டி, “குடிச்சிட்டு ஏறு. உள்ளத உள்ளபடி காட்டட்டும்” என்றான். குடித்துவிட்டு ஏறினாள். குச்சி இந்தத் தடவை கைதட்டவில்லை. பழைய குடித்தனக்காரர்கள் இருவரும் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்திருந்தார்கள்.

ரத்த முடிவு மட்டும் இறங்கியிருந்தது. டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். “கிட்னி தங்கமா இருக்கு. அதக் கெடுத்துடாதீங்கம்மா. அடுத்த மாசம் வாங்க, எடையைப் பாப்போம்” என்றார்.

அடுத்த மாசம். அக்கா அதைக் கேட்டுப் பழகியவள்போல் தலையாட்டினாள். தம்பியும் ஆட்டினான். வராந்தாவின் பெஞ்சில் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

“பைய வச்சுக்கோடா. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். காலைலேர்ந்து இது நாலாவது.”

“போ, போ. நல்லா அனுபவி.”

அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கனத்த உடம்பு வராந்தாவில் அசைந்து அசைந்து மறைந்தது. தம்பி அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய சின்ன பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பாதிக்குமேல் இருந்தது, சாயங்காலம்வரை தாங்கும். ஒரு வாய் குடித்தான், அதை விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான், மூடியை இறுக்கித் திருகிவிட்டு அவள் போன கதவைப் பார்த்தபடி காத்திருந்தான்.