வால் முளைத்த வார்த்தைகள்

சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போது "கெட் அப்". கைப்பகுதிக்கு வரும்போது "கம் ஆன்". மடித்து அடுக்கும்போது, குழந்தையை உட்கார வைப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டி, "சிட் டௌன்". ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்காவின் மேசையில் இப்போதெல்லாம் இந்த மந்திரம்தான் ஓடுகிறது. பக்கத்து மேசைக்காரிகள் காதில் பஞ்சு வைக்காத குறை.

"எந்த வேலைக்கு இன்டர்வியூ?" என்று யாராவது சீண்டினால், "மாமியார் வேலைக்கு" என்பார். முகத்தில் சிரிப்பு துளியும் இருக்காது.

மருமகளுக்குத் தமிழ் தெரியாது. மகன்தான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பான். அங்கேதான் வந்தது வினை. ஈரத் தலையோடு மின்விசிறிக்கு அடியில் நின்றவளைப் பார்த்து, "கூறு இருக்கா உனக்கு, சளி பிடிக்காதா?" என்று அக்கா ஒரு நாள் அதட்டினார். மகன் ஏதோ சொன்னான். அவள் புன்னகையோடு "தேங்க் யூ" என்றாள்.

"திட்டுனா தேங்க் யூ சொல்ற மருமகளை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? உங்க முடி அழகா இருக்குன்னு அம்மா சொல்றாங்கன்னு சொல்லியிருக்கான், படுபாவி."

மகனைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பெண் வீட்டில் விருந்தாளியாகவே இருப்பதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. நாற்காலி நுனியில் உட்காருவாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் "மே ஐ?" என்று கேட்டு நிற்பாள். தனி வீடு பார்க்கலாமா என்று மகன் மெல்லப் பேச்செடுத்ததிலிருந்து அக்காவுக்கு இதே புலம்பல்தான். "விருந்தாளின்னா ஒரு நாள் பெட்டியக் கட்டத்தானே செய்வா?"

மகன் சொல்லிக் கொடுத்த "ப்ளீஸ் பி சீட்டட்"டை ஒரு மாலை ஒப்பித்துப் பார்த்தார். நாற்காலி நுனியில் இருந்தவள் இன்னும் விறைப்பாக நிமிர்ந்தாள்.

மறுநாளே, துணிகளைப் பார்சல் கட்டுபவரிடம் போய் நின்றார். வாடிக்கையாளர்களோடு போனில் இங்கிலீஷில் அரட்டை அடிக்கிற ஆள் அவர். "தம்பி, இந்த வாங்க போங்க இங்கிலீஷ் எனக்கு வேணாம். வா போ இங்கிலீஷ்னு ஒண்ணு இருக்கா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் ஒரே யூதாங்க்கா. ஆனா எண்டர்னா ஆபீஸு, கம் இன்னா வீடு. வீட்டுக்குள்ள இங்கிலீஷ்காரங்க இப்படித்தான் பேசிக்கிறாங்க. சின்ன வார்த்தைக்குப் பின்னாடி இன்னொரு சின்ன வார்த்தைய ஒட்டிக்குவாங்க."

அன்றிலிருந்து அவற்றுக்கு வால் முளைத்த வார்த்தைகள் என்று பெயர். அந்த வால்கள் அக்காவைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. "கிவ்வுன்னா குடு. அதுல ஒரு 'அப்'பை ஒட்டுனா, விட்டுடுன்னு ஆயிடுதாம். குடுக்குறவ எதுக்குத் தம்பி விடணும்?" என்று மல்லுக்கட்டுவார். பதில் திருப்தியாக இருக்காது. ஆனாலும் அடுத்த சட்டைக்கு அந்த வார்த்தை ஏறிவிடும்.

போன வாரம் நல்ல மழை. வேலை முடிந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்த மருமகள் வாசலிலேயே நின்று, வழக்கம்போல, "மே ஐ கம் இன்?" என்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கம் இன், கம் இன். டேக் ஆஃப் தட் ஷூ. ட்ரை ஆஃப் யுவர் ஹெட். டெய்லி யூ ஃபர்கெட் அம்ப்ரெல்லா. க்ரோ அப்."

மொழிபெயர்க்க வாயெடுத்த மகன் அப்படியே மூடிக்கொண்டான். மருமகள் சிரிக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக முகத்தைச் சுளித்தாள். "ஓகே, ஓகே, ஐ ஹியர் யூ" என்று முணுமுணுத்து, ஷூக்களை மூலைக்கொன்றாக உதறிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

கெட்டது குடி என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார். வாயை அளந்து திறந்திருக்கலாம். தனி வீடு நிச்சயம்தான்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. "மே ஐ?" கேட்கவில்லை. அக்கா மெல்ல எட்டிப் பார்த்தார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, நேற்றைய மிச்சத்தைக் கிண்ணத்தோடு கையில் வைத்து, நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் மருமகள்.

அக்கா சத்தமில்லாமல் பின்வாங்கினார். மூலைக்கொன்றாகக் கிடந்த ஈர ஷூக்களைப் பொறுக்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி அவற்றுக்குள் திணிக்கத் தொடங்கினார்.