கோரா துணியில் போட்ட வடகம்

சித்திரை வெயிலில் திருப்பூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஆளாளுக்குப் பனியன் அளவு சொன்னார்கள். வடகம் போடப் போகிறேன் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளி இரவு திருநெல்வேலியில் ஏறிய பேருந்து, சனிக்கிழமை விடிகாலையில் திருப்பூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பெருமாநல்லூருக்கு நகரப் பேருந்து. பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். என் பையைப் பார்த்த ஓட்டுநர், "எந்தக் கம்பெனிங்க?" என்றார்.

"கம்பெனிக்கு இல்ல. தங்கச்சி வீட்டுக்கு."

"செரிங்க. தங்கச்சி எந்தக் கம்பெனிங்க?"

கேள்வியில் தப்பில்லை. என் தங்கை ரெஜினா பனியன் கம்பெனியில் செக்கிங், அவள் கணவர் தாசன் வேறொரு கம்பெனியில் துணி வெட்டும் பிரிவு. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் குடியிருக்கும் ஓட்டு வீடும் அதை ஒட்டிய காடும் ருக்மணி அக்காவுடையவை. இந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். அதில் ஒரு துண்டை, விளைச்சலில் பாதி தர வேண்டும் என்ற பேச்சில் ரெஜினாவுக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் துண்டு நிலம் வருடம் முழுக்க இவர்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டது. ஆடியில் கம்பு விதைப்பாள், ஐப்பசியில் அறுப்பாள். மழைக்குப் பின் சுண்டைக்காய், தையில் அவரை, மாசியில் மிளகாய், பங்குனியில் கொத்தவரை. தின்றது போக மிச்சத்தை மோரில் ஊறவைத்தும் உப்பில் புரட்டியும் காயவைத்து ஜாடிகளில் அடைத்துவிடுவாள். நான் அறிவியல் ஆசிரியை. உணவைப் பதப்படுத்தும் முறைகளை வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், ஆனால் வீட்டில் ஊறுகாய் கடையில் வாங்கியதுதான். பொறாமையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை போனது வேறு காரணத்துக்கு. காடு கைமாறிவிட்டது. வைகாசியில் குடோன் கட்ட வருகிறார்கள், வீட்டையும் இடிக்கிறார்கள். தங்கை குடும்பம் டவுனில் ஒற்றை அறைக்கு மாறுகிறது. மிச்சமிருந்த கம்பை அங்கே கொண்டுபோனால் வண்டு விழும், காயவைக்கவும் இடமில்லை. எனவே மொத்தத்தையும் வடகமாக்கிவிடத் தீர்மானித்திருந்தாள். "ஒரு வருசம் நிக்கும்க்கா. ஒரு வருசத்துக்காவது இந்தக் காட்டுச் சோறு பிள்ளைக வாயில விழட்டும்" என்று போனில் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் கம்பங்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சை மிளகாயும் சீரகமும் புளித்த மோரும் சேர்ந்த வாசனைக்கே பயணக் களைப்பு போய்விட்டது. கையோடு சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

எப்போதும் தாசனின் பழைய வேட்டியில்தான் வடகம் போடுவார்கள். இந்த வருடம் கூழ் அதிகம், வேட்டி போதாது. அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார் தாசன். ஒரு பெரிய சுருளைத் தோளில் சுமந்துகொண்டு மொட்டை மாடிக்கு வந்தார். மாடி பக்கத்து வீட்டுக்காரருடையது, வெயிலுக்காகக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

"கோரா துணி, மதினி. பனியன் மெஷின்ல இருந்து நேரா வந்தது. சாயப்பட்டறைக்கே போகல. ஒரு சொட்டு மருந்து படல. இத விடச் சுத்தமா எங்க கெடைக்கும்?"

ஆற்றையே கெடுத்த சாயத்தைக் கண்டு பயந்த ஊரில் சாயம் படாத துணிதான் சுத்தம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தண்ணீரில் அலசிப் பிழிந்து விரித்தோம். சூடு ஆறாத கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றி முடித்தபோது மாடி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். ரெஜினா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். வெகு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவைக் கண்டேன்.

மதியம் காக்கை விரட்டப் போனபோது தையல் மெஷின் வாடை அடித்தது. சுற்றிலும் கம்பெனிகள், காற்றில் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் துணியைப் புரட்டித் தண்ணீர் தெளித்து உரித்தோம். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு நீண்டதால் பாதி வடகம் உடைந்தது. "ஒடஞ்சாலும் ருசி போகாது" என்றார் தாசன்.

ஞாயிறு முழுக்க இரண்டாவது வெயில். சாயங்காலம் ருசி பார்க்க நான்கைந்தை எண்ணெயில் போட்டாள் ரெஜினா. பூப்பூவாகத்தான் பொரிந்தது. ஒன்றைக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் கடித்தேன். வாயெல்லாம் மெஷின் எண்ணெய்.

தாசன் அந்தத் துணியைக் கொடுத்த நண்பருக்குப் போன் போட்டார். அவர் துணி பின்னும் மெஷின் ஓட்டுபவர். ஸ்பீக்கரில் அவர் சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஊசிக்கு ஆயில் விடாம மெஷின் ஓடுமாண்ணே? பட்டறையில கொதிக்கக் கொதிக்க அலசினாத்தான் அது போகும். தொடைக்கக் கேக்கீகன்னுல்ல நெனச்சேன்!"

தாசன் இத்தனை வருடமும் கையாண்டது பட்டறைக்குப் போய் வந்த துணியை மட்டுமே. அதற்கு முன் அது எப்படி இருக்கும் என்று அவர் அறிய வாய்ப்பில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். "பழைய சேல ரெண்டக் கிழிச்சிருந்தாப் போதும். எனக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்று ரெஜினா திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாடம் நடத்துகிற எனக்கும்தானே தோன்றவில்லை.

எருக்குழியில் கொட்டிவிட அள்ளும்போது ருக்மணி அக்கா வந்தார். அறுபதைத் தாண்டியவர், முறத்தோடு தன் பங்கை வாங்க வந்திருந்தார். நடந்ததைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்து மென்றார்.

"அப்படி ஒண்ணும் தெரியலீங்களே. நல்லாத்தான் இருக்குது."

"அக்கா, வேண்டாம். வயித்துக்கு ஆகாது" என்றாள் ரெஜினா.

"எம் பங்க எனக்குப் போடு கண்ணு."

வேறு வழியில்லாமல் அள்ளிப் போட்டாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "வெதைக்குக் கம்பு எடுத்து வெச்சுட்டயா கண்ணு?" என்று கேட்டார். வருடா வருடம் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. கேட்ட பிறகுதான் காடு கைமாறியது அவருக்கு நினைவு வந்தது. முறத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். எங்கள் பங்கைக் குழியில் கொட்டினோம். அந்தக் குழியையும் அடுத்த மாதம் மூடிவிடுவார்கள்.

திங்கள் காலை கிளம்பினேன். கையில் ஒரு பாட்டில் சுண்டை வற்றல் கொடுத்தாள் ரெஜினா. ஆட்டோவுக்கு நிற்கும் இடம் ருக்மணி அக்கா வீட்டு வாசல்தான். வாசலில் பழைய நூல் சேலையை நாலாக மடித்து விரித்து, அந்த வடகத்தை மறுபடி காயப் போட்டிருந்தார். உடைந்த துண்டுகளைக்கூட ஒதுக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், இன்னும் ரெண்டு வெயில் காஞ்சா அந்த வாட போயிருமுங்களா?"

எண்ணெய் வெயிலில் போகாது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"போயிரும்க்கா" என்றேன்.

"அதானுங்க நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, சுவரில் வந்து உட்கார்ந்த காக்கையை விரட்டக் குச்சியை எடுத்தார்.