தலையில் நிற்காத மெத்தை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன் நான். கொழுந்து பறிக்கிற கைகளைப் பார்த்தே வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான்தான் கம்ப்யூட்டருக்குள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை உண்டாக்கி, மூன்று வாரம் அவளை அசையாமல் நிற்கவைத்தேன்.

விஷயம் இதுதான். கலஹா பக்கத் தோட்டமொன்றில் வேலை செய்யும் லெட்சுமிக்கு, முதுகில் தொங்கும் கூடையின் கயிறு உச்சந்தலையை அழுத்தி, பத்து மணிக்கெல்லாம் தலைவலி வந்துவிடும்.

"இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன் அண்ணே. முடியலேன்னா மலைக்குப் போறதையே விட்டுடுவேன்" என்றார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் வேலை, ஜெல், ரப்பர் மாதிரியான மெதுமெதுப்பான பொருட்களைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது. மூலக்கூறுச் சங்கிலிகளை மணியும் ஸ்பிரிங்குமாகக் கோத்து சிமுலேஷன் ஓட்டுவோம். கயிற்றுக்கு அடியில் வைக்க ஒரு ஜெல் மெத்தையைத் தேடினேன். ஜெல் மெதுமெதுப்பாக ஆக ஆக, ஸ்கிரீனில் அழுத்தம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு இறங்கியது. பெருமை தாங்காமல் சுழல் கதிரையில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினேன். என் மாணவி தர்ஷினி மெத்தையை வார்த்தெடுத்தாள்.

மலையில் லெட்சுமி அதைத் தலையில் வைத்து, இரு கையாலும் பறித்து, தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசினார். மெத்தை வழுக்கிக் கண்ணை மூடியது. தள்ளிவிட்டு மறுபடி வீசினார். மறுபடியும் கண்.

"தலைவலி இல்லண்ணே. கண்ணுதான் தெரியல."

பக்கத்து நிரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏய், கொழுந்து பறிக்கிறியா, கண்ணாமூச்சி வெளாடுறியா?"

தர்ஷினி மெல்லக் கேட்டாள்: "சேர், நம்ம மாடல்ல இவங்க வீசவே இல்லையே?"

இல்லைதான். மேலிருந்து அமுக்கிப் பார்த்தேனே தவிர, பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிடி கொழுந்து விழும்போதும் கயிறு பின்னால் வெட்டி இழுக்கும். ஜெல் முன்னால் பிதுங்கும்.

அன்றே என் போனைத் துணியில் சுற்றிக் கூடைக் கயிற்றோடு கட்டி, அசைவு முழுவதையும் பதிந்தோம். நடுவில் வந்த என் மனைவியின் அழைப்பை லெட்சுமியே எடுத்து, "அண்ணே சும்மாதான் நிக்கிறாரு, குடுக்கவா?" என்றார்.

அந்த வெட்டுகளைச் சிமுலேஷனுக்குள் கொடுத்தபோது எல்லாம் தலைகீழானது. ஆக மெதுமெதுப்பான ஜெல்தான் ஆக மோசம். உள்ளே மெதுமெதுப்பும், வெளியே சொரசொரப்பான கெட்டித் தோலுமாக மாற்றினோம். இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். கேட்காமல் விட்டதை மலையில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும்.

புது மெத்தையோடு லெட்சுமி காலையில் ஏறினார். பத்து மணி தாண்டியது, இறங்கவில்லை. கொழுந்தை எடை போடும் பகல் நிறுவைக்கு நிறைந்த கூடையோடுதான் வந்தார். ஓடிப்போய், "மெத்தை எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அவர் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அட, இன்னும் இருக்கா?"