பிரம்பு நாற்காலிப் பக்கம்

இது பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதப் பகல். பேய் என்றாலே நடுராத்திரிதான் என்று நினைக்கிறவர்கள் இதை நம்ப வேண்டாம். ஆனால் அன்றைக்கு எனக்கு லைட் பிடித்த சிவகணேஷ் இன்றும் வள்ளியூரில்தான் இருக்கிறான். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அது 1999. பாளையங்கோட்டையில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தோளில் சுமக்கிற பெரிய கேமராவை விட்டுவிட்டு, கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருந்த புதிது. அதில் எடுத்த முதல் கல்யாணம் களக்காட்டில், தேவசிகாமணி ஐயாவின் மகள் ரீபாவுக்கு. அவள் அண்ணன் ஜெய்சன் சவுதியில், தமாமில் வேலை பார்த்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

"அவன் பாக்கதுக்குத்தான் தம்பி இந்த வீடியோவே. ஒண்ணு விடாம எடுங்க" என்று ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சர்ச்சில் எல்லாம் ஒழுங்காகப் போனது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

முன்னறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை மெதுவாகக் கூட்டத்தின் மேல் ஓட்டிக்கொண்டே வந்தேன். உள்ளறைக் கதவோரம் ஒரு பிரம்பு நாற்காலி. நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கூட்டத்தில் அது மட்டும் காலி. அந்த நாற்காலி படத்துக்குள் வந்ததும்... டக். கேமரா அணைந்துவிட்டது.

பேட்டரி இன்னும் எண்பது நிமிடம் தாங்கும் என்று அப்போதுதான் காட்டியிருந்தது.

கழற்றி மாட்டினேன். ஓடியது. மணமக்களை எடுத்தேன், ஓடியது. குழந்தைகளை எடுத்தேன், ஓடியது. நாற்காலிப் பக்கம் திருப்பினேன். டக்.

எரிச்சல் தலைக்கேறியது. பேட்டரியின் முனைகளைக் கைக்குட்டையால் துடைத்தேன். பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். இரண்டாவது பேட்டரியைப் போட்டேன். அதுவும் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றியதுதான். நாற்காலிப் பக்கம் திரும்பியதும் அதுவும் செத்தது.

"என்ன வே, புதுக் கேமரா படுத்திட்டா?" என்றார் பெண்ணின் சித்தப்பா இன்பமணி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வராத குறை.

"லே, அடாப்டரை எடு" என்றேன் சிவகணேஷிடம். ஒயரை இழுத்துச் சுவர் பிளக்கில் மாட்டினோம். இனி பேட்டரியே தேவையில்லை. நேர்க் கரண்ட். தைரியமாகத் திருப்பினேன்.

டக்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கேமரா மட்டும் இல்லை.

பந்தி ஆரம்பித்து எல்லோரும் கொல்லைப் பந்தலுக்குப் போனார்கள். முன்னறையில் நாங்கள் இருவர் மட்டும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். அணைந்தது. கழற்றினேன். கையில் பட்டதும் திடுக்கிட்டேன்.

ஓடின பேட்டரி சூடாகத்தான் இருக்கும். இது ஐஸ் கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.

"அண்ணாச்சி..." சிவகணேஷ் என் தோளைத் தொட்டான். "பேட்டரி உங்க கையிலல்லா இருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"பொறவு அது எப்படி ஓடுது?"

கிர்ர்ர்ர்...

கேசட் சுற்றுகிற சத்தம். இடது கையில் பேட்டரி. வலது கையில் கேமரா. ஒயரும் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கேமரா நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. நானும் பார்த்தேன்.

பிரம்பு முனகியது. க்ரீச்...

நடுப்பின்னல் மெல்லக் கீழே இறங்கியது.

யாரோ உட்காருவதுபோல.

நாங்கள் வெளியே ஓடிவிட்டோம். மிச்சத்தைப் பந்தலிலேயே எடுத்து முடித்தேன். அங்கே ஒரு தடவைகூட அணையவில்லை.

ஊருக்கு வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அணைந்த இடங்களில் எல்லாம் வெறும் நீல நிறம். வேறொன்றும் இல்லை. வெட்டி ஒட்டக்கூடக் கை வரவில்லை. அப்படியே நகல் எடுத்துத் தமாமுக்கு அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து ஜெய்சன் என் கடைக்குப் போன் செய்தான்.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. எங்கம்மாவ நல்லா எடுத்திருக்கிய. ஆனா ஏன் அம்மா கதவோரம் தனியாவே இருக்கா? ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலையே. பச்சைப் பட்டு அவளுக்கு எடுப்பா இருக்கு."

ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். சர்ச்சில் ரீபாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணியைத்தான் நான் அவள் அம்மா என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் களக்காட்டுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன்.

"சர்ச்சுல நின்னது என் மச்சினி. ரீபா அம்மா கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாலயே போயிட்டா, தம்பி. லீவு கிடைக்காம அங்கன தனியா உக்காந்து அழுவானேன்னு அவனுக்குச் சொல்லல. போன் பண்ணும்போதெல்லாம் அம்மா வெளிய போயிருக்கான்னு சொல்லிட்டு வாரோம். கல்யாணத்தன்னைக்கும் யாரும் அவ பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பச்சைப் பட்டுன்னா சொன்னான்?"

"ஆமாய்யா."

"அது மக கல்யாணத்துக்குன்னு அவ ஆசையா எடுத்த சேலை. ஒரு தடவைகூடக் கட்டல. ஜெய்சன் அதைக் கண்ணால பாத்ததே கிடையாது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைக் கட்டித்தான் பெட்டியில வச்சு மூடினோம்."