தப்பான மேசையில் கிரெச்சன்

கிரெச்சன் ஃபோஸ்லர் வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசி இருக்கையில் சண்டை போடும் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதட்டி அடக்கிய தொண்டை அது. ஓய்வுபெற்ற பிறகு அந்தத் தொண்டைக்கு வேலை இல்லாமல் போனது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஆற்றுக்கு மேற்கே இருந்த முதியோர் மையத்துக்கு முட்டிவலிப் பயிற்சிக்குப் போனவள், பக்கத்து அறையில் சீட்டை மேசைமேல் அறையும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பிட் விஸ்ட், இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஏலம் கேட்டு ஆடும் ஆட்டம். நாலாவது கைக்கு ஆள் இல்லை. அன்றோடு முட்டியை மறந்தாள்.

கிரெச்சன் வெள்ளைக்காரி, மற்ற மூவரும் கறுப்பினத்தவர். ஒடெஸா ப்ரூயிட் அவளுடைய ஜோடி. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தைக் கட்டி ஆண்டவள். எதிர் ஜோடி வெர்லீனும் அவள் கணவன் ஹோசியாவும். அந்த ஆட்டத்தில் சீட்டு பாதி, வாய் பாதி. எதிராளியை நக்கலடிக்காமல் ஜெயித்தால் யாரும் அதை ஜெயமாக எடுத்துக்கொள்வதில்லை. தோற்ற ஜோடி எழுந்து காத்திருக்கும் ஜோடிக்கு இடம் விட வேண்டும், அறை முழுக்கப் பார்க்க. கிரெச்சன் சுமாராகத்தான் ஆடுவாள். வாய் மட்டும் சளைக்காது.

ஒரு நாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்:

"இந்தப் பக்கத்து வீடெல்லாம் முன்னாடி அவ்ளோ அழகா இருக்குமாம். உங்க ஆளுங்க வந்தப்புறம்தான் கவனிக்காம விலை விழுந்துடுச்சுன்னு எங்கண்ணன் சொல்வான்."

ஒடெஸா தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"உங்கண்ணன் சொன்னா முடிஞ்சுதா?"

"இல்லையா பின்ன?"

"நான் சீட்டாட வந்தேன்டி, பாடம் நடத்த வரல. நூலகம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு, உனக்குக் காலும் இருக்கு. இப்ப சீட்டைப் போடு."

கிரெச்சன் போனாள். பிப்ரவரி கறுப்பினத்தவர் வரலாற்று மாதம் என்பதால், அந்தப் புத்தகங்களை நூலகத்தில் வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். மாதத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். முதல் புத்தகத்திலேயே மாட்டிக்கொண்டாள். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வங்கிகள் வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துக் கடன் மறுத்த கதை அதில் இருந்தது. கடன் இல்லாத வீட்டில் கூரை ஒழுகும். ஒழுகும் கூரையைக் காட்டிச் சோம்பேறி என்பார்கள். அண்ணன் சொன்னதில் வீடு இருந்தது, கூரை இருந்தது, வங்கி மட்டும் இல்லை. ஒரு புத்தகம் இன்னொன்றிடம் தள்ளிவிட்டது. மார்ச் வந்தது, கோடையும் வந்தது. இது முடிகிற காரியம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. சாகும்வரை படிப்பது என்று முடிவெடுத்தாள்.

படிப்பு ஆளை நல்லவராக்கும் என்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், பெரும்பாலும், பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை எடுக்க வைக்கிறது.

கிரெச்சன் நக்கலை நிறுத்திவிட்டாள். ஹோசியா முட்டாள்தனமாக ஒரு சீட்டைப் போட்டபோது, "பரவாயில்ல ஹோசியா, நீங்க நல்லாத்தான் ஆடினீங்க" என்றாள்.

ஹோசியா மனைவியைப் பார்த்தான். "வெர்லீன், டாக்டர் எனக்கு ஏதாவது வியாதின்னு சொன்னாரா? எங்கிட்ட மறைக்கிறியா?"

இன்னொரு நாள் கிரெச்சன் குரலைத் தாழ்த்தி, "ஒடெஸா, ஹைவே போடறதுக்காக இங்க தெருத்தெருவா வீடு இடிச்சாங்களே, உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியுமாவா? எங்க சமையலறை இருந்த இடத்துலதான்டி இப்ப லாரி போகுது."

கிரெச்சனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெர்லீன் காகிதத் துண்டை நீட்டினாள். "தொடச்சுக்கோ தாயே. சீட்டு நனையுது."

அதையும் பொறுத்தார்கள். பொறுக்க முடியாதது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஆட்டத்திலேயே பெரிய சீட்டுகளான இரண்டு ஜோக்கரும் கையில் இருக்க, ஏலம் கேட்க வேண்டிய நேரத்தில் கிரெச்சன் 'பாஸ்' சொன்னாள். ஆட்டம் போனது. ஒடெஸா எல்லோர் கண்ணெதிரிலும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ரெண்டு ஜோக்கர வச்சுக்கிட்டுப் பாஸா?"

"நீ கேட்கட்டும்னுதான்... எத்தன காலமா நாங்க உங்களுக்கு விட்டுக்குடுக்காமலே..."

"அடக் கடவுளே! எங்க பாட்டன் பூட்டனுக்கான நஷ்டஈட்டை எனக்குச் சீட்டுல தர்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒடெஸா சிரிக்கவில்லை.

"டெட்ராய்ட்லேந்து வெர்லீனோட தங்கச்சி குடிவந்துட்டா. திங்கக்கிழமைலேந்து உன் இடத்துல அவ உக்காருவா."

"ஒடெஸா, நான் சாகுற வரைக்கும் படிக்கிறதுன்னு..."

"படி. யாரு வேணாங்கறா? எங்க கதைய எங்ககிட்டயே வந்து சொல்றியே, உனக்கு அந்தப் பொய்யச் சொன்ன உங்கண்ணன்கிட்ட சொன்னியா? ஞாயித்துக்கிழமைதோறும் அவன் மேசையில வாயத் தொறக்காம தின்னுட்டு, இங்க வந்து மூக்கச் சிந்துற. அங்க பேசிட்டு வா. அப்புறம் நாற்காலியப் பத்திப் பேசலாம்."

கணவன் இறந்த பிறகு கிரெச்சனுக்கு மிஞ்சிய குடும்பம் அண்ணன் டெல்மரும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும்தான். அங்கே அவள் யாரையும் திருத்தியதில்லை. வருத்தம் தெரிவிக்க ஒடெஸாவின் மேசை வசதியாக இருந்தது. அங்கே அவளை எதிர்த்து வாதாட ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவலும் மசித்த உருளைக்கிழங்கும். டெல்மர் வழக்கம்போல ஆரம்பித்தான். "மேற்குப் பக்கம் போயிருந்தேன். வீட்ட எப்படி வச்சிருக்கானுங்க பாரு, அவனுங்க புத்தி..."

"டெல்மர், நிறுத்து."

பேருந்துக் குரல். அண்ணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"வங்கியில உனக்குக் கடன் தரலன்னா இந்தக் கூரைய எதால மாத்தியிருப்ப? எச்சிலாலயா?"

"யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது? அந்தச் சீட்டாடற கும்பலா?"

"அவங்க சொல்லித்தர மாட்டேன்னுட்டாங்க. நூலகத்துல படிச்சேன். உனக்கும் காலு இருக்கு."

அண்ணி செர்ரி கேக்கை எடுத்து வந்தாள். "அவளுக்கு வெட்டாத" என்றான் டெல்மர். கிரெச்சன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை அவள் போனபோது வெர்லீனின் தங்கை டெல்ஃபின் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒடெஸா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

"கேக் குடுக்கல."

"என்ன கேக்?" என்றான் ஹோசியா.

"செர்ரி."

"ஐயய்யோ!" அவன் நிஜமாகவே வருந்தினான்.

"இப்பத்தான் போன் பண்ணினான்" என்றாள் கிரெச்சன். "நான் சொன்னது பொய்னு நிரூபிக்க நூலகத்துலேந்து புத்தகம் எடுத்திருக்கானாம். ஞாயித்துக்கிழமை வா, பார்த்துக்கலாம்ங்கறான். அதுல ஒண்ண நான் இன்னும் படிக்கவே இல்ல."

ஒடெஸா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தால் கிரெச்சன் ஏமாந்திருப்பாள்.

"அப்ப ராத்திரிக்குப் போய்ப் படி. டெல்ஃபின், எந்திரிம்மா. அவ கை அது."

கிரெச்சன் உட்கார்ந்தாள். ஏலத்தை ஒடெஸாவுக்கு மேலேயே ஏற்றிக் கேட்டாள். ஒடெஸாவின் புருவம் உயர்ந்தது. ஆட்டம் நகர்ந்தது. ஹோசியா நெடுநேரம் யோசித்து ஒரு சீட்டை இறக்கினான்.

"இதப் போடத்தானா இவ்ளோ நேரம் மோவாயச் சொறிஞ்ச? வீட்டுக்குப் போய்ப் புல்லு வெட்டு, அதாவது ஒழுங்கா வரும்." பெரிய ஜோக்கரை அவள் அறைந்த அறையில் மேசைமேல் இருந்த காபிக் கோப்பைகள் குதித்தன.

ஹோசியா நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்பாடா! வெர்லீன், எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல."