டாக்மாரின் இருட்டு ஜன்னல்

வருஷாவருஷம் மே நான்காம் தேதி சாயங்காலம் கோல்டிங் நகரத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி எரியும். டாக்மார் வீட்டு ஜன்னல் மட்டும் இருட்டாகவே கிடக்கும். ஊருக்கு இது போதாதா? ஜெர்மன்காரன் டென்மார்க்கை விட்டு ஒழிந்தான் என்று சேதி வந்த நாளில் விளக்கேற்றாதவளுக்கு என்ன பட்டம் கட்டுவார்களோ, அதைக் கட்டினார்கள்.

"அவன் போனதுல இவளுக்கு என்ன துக்கமோ," என்று ரொட்டிக்கடையில் அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

டாக்மார் கறுப்பு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவளுக்கு வாய்ச்சண்டைக்கு ஏது தெம்பு? போர் முடிந்த கையோடு ஓர்ஹூஸிலிருந்து இங்கே குடிவந்தவள். ஐனாரைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கடையில் வைத்துச் சொல்லவும் அவளுக்கு மனமில்லை.

ஐனார் அவளுடைய ஒரே மகன். ஜெர்மன்காரர்களுக்கு எதிரான கூட்டத்தில் சேர்ந்துவிட்டு, ஓர்ஹூஸில் எதிர்ச்சாரி மரக்கிடங்கில் ஒளிந்திருந்தான். அப்போது, குண்டு போடும் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று எல்லா ஜன்னலிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். தெருவில் காவல் இல்லாத நேரம் பார்த்து டாக்மார் தாளின் ஓரத்தை விலக்கி ஒரு மெழுகுவத்தியைக் காட்டுவாள். பையன் குனிந்து ஓடிவந்து, சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவான்.

போர் முடிந்த அந்த மே நாலாம் தேதி சாயங்காலம், ஜெர்மன் படை சரணடைந்துவிட்டதாக லண்டன் ரேடியோ சொன்னது. தெருவே கறுப்புத் தாளைக் கிழித்தெறிந்து மெழுகுவத்தி ஏற்றியது. அவளும் ஏற்றினாள். சரணாகதி மறுநாள் காலையில்தான் அமலுக்கு வரும், அதுவரை துப்பாக்கி அவர்கள் கையில்தான் என்பதை அந்தச் சந்தோஷத்தில் யார் நினைத்தார்கள்? ஐனார் அன்றைக்கு ஓடவில்லை. தலை நிமிர்ந்து நடந்தே வந்தான். தெருமூலையில் நின்ற சிப்பாய் சுட்டான். அந்தக் கொடுமையைப் பெற்றவளின் கண்ணே பார்த்தது.

வருஷங்கள் போயின. டாக்மார் படுத்த படுக்கையாகிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் போடில்தான் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல மனசுக்காரி. ஒரு மே நான்காம் தேதி, கேட்காமலேயே ஜன்னலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாள்.

"ஊர் வாய மூடட்டும்னுதான், டாக்மாரம்மா. இந்த வருஷமாச்சும் எரியட்டுமே."

டாக்மார் எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"அணைச்சிடு போடில்."

"இதுல யாருக்கு என்ன கெடுதல்?"

"வெளிச்சத்தப் பாத்தா அவன் கிளம்பிடுவான். சிப்பாய் இன்னும் மூலையிலதான் நிக்கிறான்."

போடிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஊதி அணைத்தாள்.

"தெருவப் பாரு. யாராச்சும் வராங்களா?"

"யாரும் வரலம்மா."

"தப்பிச்சான் என் புள்ள," என்றாள் டாக்மார்.