முகத்தில் வைத்த பென்சில்

1. முதல் நாள்

ஆரப்பாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, கேமராவைத் தொடவிடுவார்கள் என்று நம்பிப் போனேன். முதலாளி கையில் கொடுத்தது பென்சில்.

"கை நல்லா ஓடுதாமே. மொகத்தக் கொஞ்சம் கலரா எடுத்து விடு ஆத்தா, போதும்."

இதற்குப் பெயர் ரீடச்சிங். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்; கறுத்த முகம் அதில் வெளிறித் தெரியும். அங்கே ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தடவினால் பிரிண்டில் முகம் வெளுத்து வரும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் போட்டோ என்றால் இன்னும் இரண்டு சுற்று தடவ வேண்டும். பின்னறையில் சுவரைப் பார்த்த டெஸ்க். என்னிடம் முகம் வெளுத்துப்போன பெண்களில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்த்ததில்லை. பகல் முழுக்கப் பேச ஆள் கிடையாது.

நானும் கறுப்புதான், நல்ல கறுப்பு. அம்மா கேட்டுக்கொண்டதால் என் நெகட்டிவிலும் நானே பென்சில் வைத்தேன். அந்தப் போட்டோவைப் பார்த்துத் திருவாதவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு எதிரே நிற்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா உள்ளறையை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"போட்டோவுல இருக்க புள்ளய வரச் சொல்லுங்க."

அன்று எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இன்னும் கவனமாகத் தடவியிருக்கலாமோ என்றுதான் தோன்றியது. எம்புட்டு மடச்சி பாருங்கள்.

2. தாமஸ்

எழுபதுகளின் கடைசி. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படித்த தாமஸ் என்பவர் போட்டோ எடுத்துக்கொண்டார். நெகட்டிவ் டெஸ்க்குக்கு வந்தது. யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில், மூன்று சுற்று தடவிவிட்டேன். மறுநாள் போட்டோவும் கையுமாகத் திரும்பி வந்தார். முதலாளி அவரைப் பின்னறைக்கே கூட்டி வந்துவிட்டார்.

"என்ன கொறைன்னு நீயே கேளுத்தா. எனக்கு இவரு பேச்சு பிடிபடல."

ஹாஸ்டலில் கற்ற தமிழில் தாமஸ் நிதானமாகச் சொன்னார். "அக்கா, இது நான் இல்ல. அம்மாவுக்கு அனுப்பணும். அம்மா என்னப் பாத்து ஆறு வருசம்."

"நல்லா வரணும்னுதான் செஞ்சேன் தம்பி. எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன்.

என் கையிலிருந்த பென்சிலையே பார்த்தார். பிறகு தமிழும் இங்கிலீஷுமாகச் சொன்னதை நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன். அவர் நாட்டில் யார் வெள்ளை, யார் கறுப்பு, யார் கலப்பு என்று சர்க்கார் ஆபீசில் எழுதி வைப்பார்களாம். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காகிதப்படி. சந்தேகம் வந்தால் முடிக்குள் ஒரு பென்சிலைச் செருகித் தலையை ஆட்டச் சொல்வார்களாம்; சுருள்முடியில் சிக்கி நின்றால் கறுப்பு. அவருடைய அண்ணனுக்குப் பென்சில் கீழே விழுந்தது. அண்ணனைக் கலப்பு என்று எழுதி வேறு பகுதிக்கு அனுப்பினார்கள். தாமஸுக்கு விழவில்லை. ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள்.

"அண்ணன் இப்ப எங்க வீட்டுக்கு வர்றதில்ல. வழியில பாத்தாலும் பேசறதில்ல. இந்தப் போட்டோவப் பாத்தா அம்மா நானும் அண்ணன் பக்கம் போயிட்டேன்னு நெனப்பாங்க."

தெருவைப் பிரிப்பது எனக்குப் புதிதில்லை. அம்மா பிறந்த ஊரில் காகிதம் ஏதுமில்லாமலே எங்கள் சனத்தைத் தனியே வைத்திருந்தார்கள். ஆனால் பென்சில் என் கையிலும் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் முப்பது வருடம் ஆகியும், அவன் முகம்தான் முகம் என்று உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

டர்பன்டைன் தொட்ட பஞ்சால் நெகட்டிவிலிருந்த பென்சிலைத் துடைத்துப் புது பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். தாமஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான்" என்றார்.

முதலாளி கடுகடுத்தார். "இம்புட்டுக் கறுப்பா அடிச்சுக் குடுத்தா கடைப் பேரு என்னாகும்?"

"அவரு மொகத்தத்தானே அண்ணே கேட்டாரு?"

3. பிறகு

வேலையை விடவில்லை, விட்டால் சோற்றுக்கு வழியில்லை. ஆனால் அதன்பின் எழுந்து கவுண்டருக்குப் போய், "பென்சில் வைக்கவா, இருக்கறபடி விடவா?" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் நானே கேட்டேன். அநேகமாக எல்லாரும் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். யாரையும் திருத்தினேன் என்று பெருமையடிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த வாரமே என் நெகட்டிவையும் எடுத்துத் துடைத்தேன். பிரிண்டைப் பார்த்த அம்மா அழுதுவிட்டார்.

"இதக் குடுத்தா எவன்த்தா வருவான்?"

இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டும் அமையவில்லை, பிறகு எதுவுமே அமையவில்லை. தனியாகவேதான் இருக்கிறேன். சில சாயங்காலங்களில் அது பாரமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு தடவையும் காபித் தட்டோடு நான் போய் நின்றபோது, யாரும் என்னைத் தாண்டி உள்ளறையை எட்டிப் பார்க்கவில்லை.